ஈஸ்ட் ஹாமில் ஒரு ஸ்டோர் பிட்டர்

பொகவந்தலாவை மாமாவுக்கு,

"வெள்ளக்காரன் ஊர்ல எதுவும் பழுதானா தூக்கி வீசிருவாங்களாமே, அங்க போயி நீ என்னத்தடா கழட்டுற?" என்று போனில் கேட்டீர்கள். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் கடிதம். தன்னைப் பற்றித் தானே எழுதினால் பெருமையடிப்பது போலாகிவிடும் என்பதால் இதில் முழுக்க 'மருமகன்' என்றே வரும். வேறு யாரோ ஒருவன் அடித்த கூத்து என்று நினைத்துப் படித்தால் உங்களுக்கும் கோபம் கொஞ்சம் குறையும்.

முதலில் கெட்டில் கதை. லண்டன் வந்த ஆறாம் மாதம் மருமகன் வீட்டு மின்சாரக் கெட்டில், தண்ணீர் கொதிக்கும் முன்பே 'டக்' என்று அணைய ஆரம்பித்தது. கடையில் புதியது மலிவு. ஆனால் தேயிலை ஸ்டோர் பிட்டரிடம் வளர்ந்தவன் கெட்டிலைக் கழற்றாமல் குப்பையில் போடுவானா? அடியில் இருந்த ஆணிகளுக்கு மூன்று மூலை வாய். வீட்டில் இருந்த எந்த ஸ்குரூ ட்ரைவரும் பொருந்தவில்லை. அதற்கென்று ஒரு செட் வாங்கினான். அந்த செட்டின் விலையில் இரண்டு கெட்டில் வாங்கலாம் என்பதை உங்கள் மகள் இன்றுவரை நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுதே இல்லை. நாணயம் அளவில் ஒரு தகடு. இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்தது. ஒன்று சூட்டில் அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். சூடு ஏறினால் தகடு மறுபக்கம் புரண்டு சுவிட்சைத் தள்ளிவிடும். உலகத்துக் கெட்டில்களில் பெரும்பங்குக்கு இந்தத் தகட்டு வேலையைச் செய்துகொடுப்பது ஐல் ஒஃப் மான் என்ற சின்னத் தீவிலுள்ள ஸ்ட்ரிக்ஸ் என்ற கம்பனி. கோளாறு தகட்டில் இல்லை, தண்ணீரில். நம் லயத்துப் பீலியில் வருவது கருங்கல்லில் வழிந்து வரும் தண்ணீர், சுண்ணாம்பு அவ்வளவாக இருக்காது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கெட்டில் அடியில் அது வெள்ளையாகப் படிந்ததும் சூடு தண்ணீருக்குப் போகாமல் கீழேயே தங்கிவிடுகிறது. 'தண்ணியே இல்லாமல் சூடாகிறது' என்று நினைத்துத் தகடு அணைத்துவிடுகிறது. மருமகன் இதைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரம் விளக்கினான். உங்கள் மகள் பாதி வினிகரும் பாதித் தண்ணீரும் ஊற்றி ஓர் இரவு வைத்தாள். காலையில் கெட்டில் கொதித்தது.

இங்கே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு பியூஸ் இருக்கிறது, மாமா. 1947இல் வந்த பிரிட்டிஷ் தரம், சதுர முள் மூன்று. நம் வீட்டில் உருண்டை முள் 5 ஆம்பியர் ஒன்று, 15 ஆம்பியர் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி செருகி நிறுத்திய ஒன்று. பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கிற வித்தையைப் பழைய பழக்கத்தில் இங்கே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். கேட்ட வெள்ளைக்காரர் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவர் செய்ததுதான் சரி.

அவர் உட்கார்ந்திருந்த இடம் ரிப்பேர் கஃபே. பெயரைக் கேட்டுச் சாப்பாட்டுக்கடை என்று நினைத்துத்தான் மருமகனும் முதலில் போனான். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீனா போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கி வைத்தது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. லண்டனில் 2012இல் ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் என்று, மின்சாமான்களுக்கென்றே இன்னொன்று தொடங்கினார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சர்ச் மண்டபத்தில் மேசை போட்டு, தெரிந்தவர்கள் உட்கார்ந்து தெரியாதவர்களின் பழுதைப் பார்ப்பார்கள். கூலி கிடையாது, கேக் உண்டு. சாமானைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்வர முடியாது. சொந்தக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், முடிந்தால் ஆணியைப் பிடிக்க வேண்டும். ஊரில் நீங்கள் ரேடியோ கழற்றும்போது லயத்துப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்களே, அதேதான். அதற்கு இங்கே ஒரு பதிவுப் புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உதவிக்கு வருகிறவர்கள் நிரப்பும் தாளில் 'அனுபவம்' என்று ஒரு கட்டம். மருமகன் யோசித்து, "தேயிலைத் தொழிற்சாலை, சிரோக்கோ அடுப்பு, தாய்மாமனிடம் ஆறு வருடம் திட்டு வாங்கியது" என்று எழுதினான். அதைப் படித்த ஒரு கிழவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெல்பாஸ்ட்காரர். தேயிலை காயவைக்கும் அந்தச் சிரோக்கோ அவர் ஊர்ச் சாமான்! இந்தியத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ட்டில் தொடங்கிய தொழிற்சாலைதான் சிரோக்கோ வேர்க்ஸ். அந்தத் தொழிற்சாலை இன்று அங்கே இல்லை. "எங்கள் ஊரில் பட்டறை போய்விட்டது, உங்கள் ஊரில் அடுப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். மாமா பார்த்த அடுப்பு, மாமா பென்சன் வாங்கிய பிறகும் ஓடியது என்று மருமகன் சொன்னான். அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் அவனுக்குத் தனி மேசை.

இனி கார். இதைத்தான் நீங்கள் கேட்க ஆசைப்படுவீர்கள்.

எதிர் வீட்டுப் பாட்டிக்கு 80 தாண்டிவிட்டது. அவர் கணவர் விட்டுப்போன 1967ஆம் வருட மொரிஸ் மைனர் வாசலில் நிற்கிறது. ஹட்டன் டாக்சி ஸ்டாண்டில் நீங்கள் சாய்ந்து நின்று பேசுவீர்களே, அதே முகம், அதே உருண்டைக் கண். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த கார். பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இந்த நாட்டில் மூன்று வயதான காருக்கு வருடா வருடம் பரிசோதனை. 2018 முதல் 40 வயது தாண்டிய கார்களுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மனிதருக்கு நேர்மாறு: 40 வயதானால்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் உடம்பைக் காட்ட வா என்று கடிதம் போடுகிறார்கள். மருமகனுக்கும் வந்துவிட்டது.

ஒருநாள் அந்தக் கார் அசையவில்லை. பாட்டி வாசலில் நின்று போன் செய்துகொண்டிருந்தார். மருமகன் பானட்டைத் திறக்கச் சொன்னான். டிக்கோயா ரோட்டில் மொரிஸ் மைனர் நின்றால் டிரைவர் என்ன செய்வார்? இறங்கி, பீடியைப் பற்றவைக்காமல் காதில் சொருகி, ஸ்பேனரால் பெட்ரோல் பம்பை ஒரு தட்டுத் தட்டுவார். அதையே இவனும் செய்தான். 'டிக் டிக் டிக்' என்று பம்ப் பேச ஆரம்பித்தது. பாட்டி மந்திரம் என்று நினைத்துவிட்டார். மந்திரம் ஒன்றுமில்லை. எஸ்.யூ. பம்பின் உள்ளே மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு விடுகிற இரண்டு சின்ன முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். தட்டினால் விடும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதையும் செய்துகொடுத்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். போன் சார்ஜ் பண்ண ஒரு சொக்கெட் பூட்டித் தருகிறேன் என்று தானாக வாய் கொடுத்தான். கறுப்பு வயரை உடம்பிலே பூட்டினான், சிவப்பை உயிர் வயரிலே பூட்டினான், சாவியைத் திருப்பினான். புகை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். எல்லாம் தலைகீழ். "வயரைத் தொடுறதுக்கு முந்தி பேட்டரியப் பாருடா" என்று நீங்கள் சொன்னது ஈஸ்ட் ஹாம் தெருவில் வைத்துக் காதில் கேட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்தார். பேக்கில் ஊறவைத்த தேநீர். அதுவே தண்டனை.

குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடியைத் தின்றுவிடும். பாட்டியின் காருக்கும் முன் சக்கரத்துக்கு மேல் மட்காட் கையோடு வந்தது. புதியது தேடும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது, மாமா. பாத் நகரத்தில் 1976இல் மொரிஸ் மைனர் சென்டரைத் தொடங்கிய சார்ல்ஸ் வேர் என்பவர், காரைத் தூக்கி எறியாமல் ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம் என்று புத்தகமே எழுதியவர். 1990களில் அவர் இந்தக் காரின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் அடித்து எடுக்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்துக் காருக்கு இலங்கைத் தகடு! லண்டன் ஓட்டி முடித்த டபுள் டெக்கர் பஸ்களைக் கப்பலில் ஏற்றி நம் போக்குவரத்துச் சபைக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. அதற்கு இது பதில் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேதம் மட்டும் மருமகனை உறுத்துகிறது. இங்கே பழைய கார் ஓட்டுகிறவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆசை. நம் ஊரில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில் திறக்கும்வரை, ஓட்டை வேனை ஓட்டியவர்கள் ஆசைக்கா ஓட்டினார்கள்? பெட்ரோல் டாங்கி ஓட்டைக்குச் சவுக்காரம் தேய்த்து பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் ஆஸ்பத்திரிவரை பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோனவரை, இங்கே எந்த மோட்டார் பத்திரிகையும் படம் பிடித்துப் போடாது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் செயின்ட் மேரிஸ் சர்ச்சில் கிரிக்கெட் பந்து தேடப்போய்க் கால் இடறுவோமே, அந்த வெள்ளைக்காரி கல்லறை. ஜூலியா மார்கரெட் கெமரன். போன கோடையில் வைட் தீவில் அவர் இருந்த டிம்போலா வீட்டுக்கு உங்கள் மகளோடு போனான். இப்போது அது மியூசியம். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கெமராவை வைத்துக்கொண்டு, கரி அடைக்கிற அறையை இருட்டறையாக்கி, கோழிக்கூண்டுக்குக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோவாக்கியவர். தொழில்முறைப் படக்காரர்கள் மங்கல், கறை என்று சிரித்தார்கள். 1875இல் இலங்கை வந்து 1879இல் டிக்கோயாவில் இறந்தார். கோழிக்கூண்டு விவரத்தைப் படித்ததும் உங்கள் மகள் மருமகனின் முகத்தைப் பார்த்தாள். பின்கட்டு ஷெட் பற்றி அன்றிலிருந்து புகார் இல்லை.

கம்பியூட்டர் பக்கம் கதை வேறு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வருவது நின்றுபோகும் என்று கம்பனி அறிவித்தது. அடுத்த பதிப்பு பழைய மெசின் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. அந்த மாதம் ரிப்பேர் மேசைக்கு வந்ததெல்லாம் நோயில்லாத நோயாளிகள். ஸ்கிரீன் நல்லது, கீபோர்ட் நல்லது, சீட்டு மட்டும் கிழிந்துவிட்டது. சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் சந்தோஷமாகப் போனார்கள். மீதிப் பேர் "பழைய படமே வேணும்" என்றார்கள்.

மருமகனின் சொந்த லேப்டாப் 2012ஆம் வருடத்தது. விசிறியைத் திறந்தால் சல்லடை ரூமில் தேயிலைப் பஞ்சு அடைந்தது போலத் தூசு. அதைத் துடைத்து, சிப்பின் மேல் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவியதும் சூடு இறங்கியது. ஒவ்வொரு காலையும் திகதி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் உள்ளே இருந்த பொத்தான் அளவுப் பேட்டரி. ஒரு தேநீர்க் காசுக்குக் கிடைக்கிறது.

தோல்வியையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையிலிருந்து வாசிங் மெசின், பிரிட்ஜ் போன்றவற்றுக்குப் பல வருடங்கள் உதிரிப்பாகம் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. கதவு ரப்பர் உங்களுக்கும் மருமகனுக்கும் தருவார்கள். மோட்டார், பம்ப் எல்லாம் தொழில்காரருக்கு மட்டும். போன், லேப்டாப் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. நம் வீட்டு வாசிங் மெசினில் பேரிங் போய்விட்டது. தொட்டியை ஆணி இல்லாமல் ஒரே துண்டாக உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். கழற்றினால் அறுக்க வேண்டும். அறுத்தான். பூட்ட முடியவில்லை. புதியது வாங்கியாயிற்று. ஒட்டிச் செய்கிறவனை ஒருநாள் ஸ்டோருக்கு அழைத்துவந்து உங்கள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது மருமகனின் ஆசை.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. அலுமாரி மேலே இருக்கிற வால்வு ரேடியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடப் போவதாக அத்தை சொன்னாராம். போட வேண்டாம். டிசம்பரில் வரும்போது கண்டென்சர் வாங்கி வருகிறான். அதுவரை யாரும் அதைப் பிளக்கில் சொருகிப் பார்க்கவும் வேண்டாம், பழைய கண்டென்சர் வெடித்துவிடும். கொழுந்துச் சாக்கு ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள், ஆணிகளை வரிசையாக அடுக்க.

இப்படிக்கு,
மருமகன்