போடிக்கு ரெண்டு டிக்கெட்

கண்டக்டர் வேலை கிடைச்சிருச்சுன்னு தெருப்பூரா மிட்டாய் குடுத்தியாமே பேராண்டி. எனக்கு வந்ததை உன் அம்மா 'சுகரு'ன்னு சொல்லிப் புடுங்கி வச்சுக்கிட்டா. அது கிடக்கட்டும். ஆரப்பாளையத்துல இருந்து போடி வரைக்கும் உனக்கு ரூட்டுன்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சுடா. விசில் ஊதுறது, சில்லறை இல்லைன்னு கையை விரிக்கிறது எல்லாம் பத்து நாள்ல வந்துரும். ஊர்ப்பேரைக் கூவுறது இருக்கே, அதுலதான் சூதானமா இருக்கணும். நம்ம பக்கத்துப் பேருக எல்லாம் பாதி ஊரு, பாதி வம்பு.

செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் பயமில்லை. உசிலை மரத்துப் பேருல இருக்க ஊரு அது. அந்த இலையை அரைச்சுத்தான் அரப்புன்னு தலைக்குத் தேய்ச்சோம். உன் கோழிக்கொண்டை முடியைப் பாத்துட்டு அங்க ஏறுற பெருசு எதாவது 'அரப்பு தேயி தம்பி'ன்னா கோவப்படாத. அவுக ஊர் மரியாதை அது.

கணவாய் தாண்டுனா ஆண்டிபட்டி. 'ஆண்டியெல்லாம் எறங்கு'ன்னு நக்கல் பண்ணலாம்னு உனக்கு நாக்கு துறுதுறுக்கும். மென்னு முழுங்கிரு. 1984-ல எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தாரு. இங்க ஒரு தெருவுக்கும் வந்து கும்பிடு போடல, ஆனா ஜெயிச்சாரு. ஜெயலலிதா அம்மா 2002 இடைத்தேர்தல்ல இங்க ஜெயிச்சுத்தான் திரும்ப முதலமைச்சர் ஆனாக. 2006-லயும் இந்த ஊருதான். ஆண்டிக கூடி மடம் கட்டுன கதைன்னு சொல்லுவாகல்ல, இவுக கோட்டைக்கே ஆளு அனுப்புனவுக. பேருல ஆண்டி, அனுப்புனது ஆண்டவுகளை. அங்க மட்டும் 'வாங்கண்ணே, போங்கண்ணே'ன்னே பேசு.

தேனியில நீட்டி முழக்கிக் கூவாத. தேனின்னா ஊரு, தேனீன்னா கொட்டிரும்.

நாளைக்கே உன்னைத் திண்டுக்கல் ரூட்டுக்கு மாத்துனாங்கன்னு வையி, வத்தலக்குண்டு வரும். வத்தலா, குண்டா, ஒரு முடிவுக்கு வராத ஊருடா அது. நான் சின்னப்பயலா இருந்தப்ப எங்க சித்தப்பன் அந்த ஊர்ல பொண்ணு பாக்கப் போனாரு. திரும்பி வந்தவரை வாசல்லயே மறிச்சு எங்க ஆத்தா கேட்டது ஒரே கேள்வி: "வத்தலா, குண்டா?" மனுசன் முகம் செத்துப் போச்சு. அந்தச் சம்பந்தமே கூடலை. படிச்சவுக 'வெற்றிலைக்குண்டுதான் தேஞ்சு வத்தலக்குண்டு ஆயிருச்சு'ம்பாக. பழைய தமிழ்ல குண்டுன்னா ஆழமாம், பள்ளமாம். இருக்கும். ராஜமய்யர் 1872-ல பொறந்ததும் அங்கதான், சுப்பிரமணிய சிவா 1884-ல பொறந்ததும் அங்கதான். ஒருத்தர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினாரு, இன்னொருத்தர் வெள்ளைக்காரன் ஜெயில்ல கிடந்தாரு. அந்த ஊரு ஆழமான ஊருதான், நான் ஒத்துக்கிறேன். எங்க சித்தப்பன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

கம்பம் ரூட்டு போட்டாலும் மலைச்சிராத. கம்பத்துல கொடி ஏத்துறது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். இங்க ஏறுறது திராட்சைக் கொடி. அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடும் குடுத்துட்டாக. அதைத் தாண்டி கூடலூர் வரும். ஏறுறவன் 'கூடலூரு'ன்னா, எந்தக் கூடலூருன்னு ஒரு வார்த்தை கேளு. ஊட்டிக்கு அங்கிட்டு ஒண்ணு இருக்கு, குமுளிக்கு இங்கிட்டு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் அடுத்த வீடு கேரளாதான். என் சோட்டாளி ஒருத்தன் கோயம்புத்தூர்ல கூடலூர் பஸ்ஸைப் பாத்து ஏறிக் கண்ணசந்துட்டான். முழிச்சுப் பாத்தா சுத்தியும் தேயிலை, பல்லு கிடுகிடுங்குது. கையில தாய்மாமன் சீர்த் தட்டு. அன்னைக்கு நம்ம கூடலூர்ல காதுகுத்து, மாமன் மடியில்லாமத்தான் நடந்துச்சு.

இதையெல்லாம் சரி பண்றேன்னு அரசாங்கமும் ஒரு தடவை கிளம்புச்சு. 2020 ஜூன்ல 1,018 ஊருக்கு இங்கிலீசு எழுத்தை மாத்தி உத்தரவு வந்துச்சு. தமிழ்ல சொல்ற மாதிரியே இங்கிலீசுலயும் இருக்கணுமாம். நல்ல எண்ணந்தான். ஆனா வேலூருக்குப் போட்டிருந்த எழுத்தைக் கூட்டி வாசிச்சா 'வீலூரு'ன்னு வந்துச்சு. ஊரே வீல்னு கத்தவும், அந்த மாசமே உத்தரவைத் திரும்ப வாங்கிட்டாக.

சரி, போடிக்கு வருவோம். நாயக்கனூரையும் சேத்து முழுசாச் சொல்லிப் பழகு, வாய் வலிச்சாலும் பரவாயில்ல. ஊரு நல்ல ஊரு. மலையில இருந்து ஏலக்காய் அங்கதான் ஏலத்துக்கு வருது. நம்ம பாஷையில ஏலக்காயும் ஏலம், விலை கேக்குறதும் ஏலம். ஏலத்தையே ஏலம் விடுற ஊரு வேற எங்கடா இருக்கு? நான் போய்ப் பாத்திருக்கேன். கட்டை விரல் நகத்தால ஒரு காயைப் பிளந்து, கறுப்பு விதையை உள்ளங்கையில கொட்டி மோந்து பாப்பாக. முகத்துல ஒண்ணும் தெரியாது, புடிச்சிருக்கா இல்லையான்னு சாமிக்குத்தான் வெளிச்சம். முந்தி கூவிக் கேட்டாக, இப்ப பொத்தானை அமுக்குறாக. மாமியா ஊர்க்காரவுக எல்லாருக்குமே அந்த முகந்தான்.

ஆமாடா, உன் அப்பத்தா அந்த ஊருதான். அவ அக்காளைக் குடுத்தது வாடிப்பட்டியில. வாடின்னு ஒருத்தியை அனுப்பி, போடியில ஒருத்தியை வச்சிருந்த வீட்டுல பொண்ணு எடுத்தேன். அப்பவே யோசிச்சிருக்கணும்.

1967-ல கல்யாணம் முடிஞ்சு மறுவீடு கிளம்புறோம். பொம்பளைக முன்னாடி, நான் பின்னாடி, மடியில தகரப் பொட்டி. கண்டக்டர் நடுவுல நின்னு சத்தமாக் கேக்குறாரு, "ஏம்ப்பா, அந்தப் புதுப்பொண்ணுக்கு எங்க?" நானும் பின்னால இருந்து சத்தமா, "போடி"ன்னேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அவ தலையைத் திருப்பாமயே கேட்டா, "எங்க ஊரைச் சொன்னீகளா, என்னையச் சொன்னீகளா?" காளமேகத்தைக் கூட்டியாந்தாலும் அதுக்குப் பதில் கிடையாது பேராண்டி. ஊருன்னா, 'அப்ப அங்கயே இருந்துக்கிறேன்'ம்பா. உன்னையத்தான்னா கேக்கவே வேண்டாம். இன்னும் நான் பதில் சொல்லல.

நாளைக்கு உன் முதல் டிரிப்புல அவ ஆண்டிபட்டியில ஏறுறா, தேங்காய் பழத்தோட. டவுன் பஸ்ஸுல காசில்லாமப் போய்ப் பழகுன கை, உன் பஸ்ஸுல சுருக்குப்பையை அவுக்காது. டிக்கெட்டை நீயே கிழிச்சுக் குடுத்துட்டு, உன் காசைப் போட்டுக்க. எங்கன்னு மட்டும் கேட்டுராத.