கூத்தாடினால் கேவலம், சந்தா கட்டி ஆடினால் கௌரவம்

1891 ஜூலை முதல் தேதி சென்னையில் ஏழு இளைஞர்கள் கூடி ஒரு நாடகச் சபையைத் தொடங்கினார்கள். கையில் நாடகம் இல்லை, கொட்டகை இல்லை, பெண் வேஷத்துக்குப் பெண் கிடைக்கப்போவதும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது: சுகுண விலாச சபை. நம்மூரில் எந்தச் சங்கத்துக்கும் முதலில் பெயர் வரும், அடுத்துக் காரியதரிசி வருவார், பின்னாலேயே தகராறு வரும். வேலை வந்தால் வரும். அந்தக் கணக்கில் இந்தச் சபை சுறுசுறுப்புதான். நாடகச் சபை ஆரம்பித்து முதல் வருஷம் பொதுமேடைப் பக்கமே போகவில்லை என்றாலும், 1893-ல் ‘புஷ்பவல்லி’யை விக்டோரியா பப்ளிக் ஹாலில் ஏற்றிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பம்மல் சம்பந்தம். சபை தொடங்கியபோது வயது 18. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். அந்த மனசை மாற்றியது தமிழ் நாடகம் அல்ல, தெலுங்கு நாடகம். பல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லு தன் சரசவிநோதினி சபையைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து நாடகம் போட்டார். போய்ப் பார்த்த பையன் அசந்துபோனான். மேடையில் நின்றவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள்! நடிப்பு பிடித்ததா, நடித்தவர்களின் உத்தியோகம் பிடித்ததா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் நான் சொல்வேன்.

காரணம் உண்டு. அன்றைய தர்மப்படி மேடையேறிக் கூலி வாங்கினால் கூத்தாடி. வீட்டுத் திண்ணையில் உட்காரவைக்க மாட்டார்கள். அதே மேடைக்குக் கைக்காசைப் போட்டுச் சந்தா கட்டி ஏறினால் கனவான். பவுடர் ஒன்றுதான், விக்கு ஒன்றுதான். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் மானம் இருந்தது.

சபை நிஜமாகவே சூடுபிடித்தது 1895-ல். அந்த ஒரே வருஷத்தில் ‘லீலாவதி-சுலோசனா’வும் வந்தது, ‘மனோகரா’வும் வந்தது. மனோகரன் கதை தெரியாத தமிழன் கிடையாது. 1954-ல் சிவாஜி சங்கிலியோடு நின்றாரே, அதேதான். ராஜா அப்பன் வசந்தசேனை மயக்கத்தில் கிடக்கிறான். பெற்ற பிள்ளையைச் சங்கிலியில் கட்டிச் சபைக்கு இழுத்து வருகிறார்கள். பிள்ளைக்கு அறுத்தெறியத் தெம்பு இருக்கிறது. அம்மா வாங்கிய சத்தியம்தான் தடுக்கிறது. கடைசியில் அம்மாவே ‘சரி, பொறுத்தது போதும்’ என்கிறாள், சங்கிலி தெறிக்கிறது. முதலில் அந்த வேஷம் கட்டி அப்பன் மேல் பாய்ந்தவர் ஆசிரியர் சம்பந்தமேதான். இவர் பிறகு வக்கீலாகி, 1924-ல் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். வாய்தா கேட்க வந்த கட்சிக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வந்து தொண்டை வறண்டதோ! பின்னாளில் அதே மனோகரனாக நின்றவர்களில் தீரர் சத்தியமூர்த்தியும் ஒருவர். சட்டசபையில் வெள்ளைக்காரனைத் திணறடித்த குரலுக்கு ஒத்திகை எங்கே நடந்திருக்கும் என்று நாமே யூகிக்கலாம்.

பெண் வேஷத்துக்கும் ஆண்கள்தான். சபையின் ஆஸ்தானக் கதாநாயகி ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். பகலில் கறுப்பு அங்கி, ராத்திரி பட்டுச் சேலை. இரண்டுமே வேஷம்தானே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஷேக்ஸ்பியரையும் சும்மா விடவில்லை. ஹாம்லெட்டுக்கு ‘அமலாதித்யன்’ என்று பேர் வைத்தார்கள், மாக்பெத் ‘மகபதி’ ஆனார், வெனிஸ் வியாபாரி ‘வாணிபுர வணிகன்’ ஆனார். டென்மார்க் இளவரசனுக்கு அவன் அம்மாகூட இவ்வளவு கம்பீரமாகப் பேர் வைத்திருக்க மாட்டாள். வாய்திறந்தால் பொய் மட்டுமே பேசும் ஒருவனை நாயகனாக்கி, அரிச்சந்திரனையே தலைகீழாகக் கவிழ்த்து ‘சந்திரஹரி’ என்றும் ஒன்று எழுதினார் சம்பந்தம். சத்தியத்துக்காகச் சுடுகாட்டில் நின்றவன் கதையை இப்படிப் புரட்ட ஒரு வக்கீலால்தான் முடியும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராகப் போய், நாடகத்தையே சோறாக நம்பி, பாட்டும் வசனமுமாக எழுதிக் குவித்தார். 1922-ல் அவர் காலமானபோது அரசாங்க விருது எதுவும் கையில் இல்லை. ராவ் பகதூர் பட்டமும், சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் பத்மபூஷணும் சம்பந்தத்துக்குத்தான் வந்தன. அவர் தகுதியில் குறை சொல்லவில்லை. தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதியவர். ஆனால் பிழைப்புக்காக ஆடியவனை விடப் பொழுதுபோக்காக ஆடியவனுக்கு மரியாதை அதிகம் என்பது நம் சமூகத்தின் பழைய வியாதி.

சபை இன்றும் இருக்கிறது, அண்ணாசாலையில், எஸ்.வி.எஸ். கிளப் என்ற பெயரில். நாடகம் பார்க்கலாம் என்று நம்பி அங்கே போகாதீர்கள். சம்பந்தமே எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ ஆறு பாகங்களாக இருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதைப் படியுங்கள்.