தண்ணீர் வருவதற்கு முன்

கேள்வி: எங்கள் ஆலை சர்வரில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஓடுகிறது. 10-க்கு மாறினால் பழைய நெட்வொர்க் ஃபைல்கள் செல்லாது என்கிறார்களே, நிஜமா?
– அரிசி ஆலைக்காரர், மன்னார்குடி

பதில்: நிஜம்தான். ‘ஐஎஃப்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் அந்த ஃபைல்களை 2022-இல் வந்த 9 வேண்டாவெறுப்பாகப் படிக்கும். 2025-இல் வந்த 10 திரும்பிக்கூடப் பார்க்காது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன்பே தூர்வார வேண்டும் என்று கேட்கிற ஊர்க்காரர் நீங்கள் (தண்ணீர் வந்தபிறகும் தூர்வாருவார்கள், அது தனிக்கதை). இதையும் 9-இல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மைக்ரேட்’ என்ற ஒரே கட்டளையில் எல்லாம் நெட்வொர்க் மேனேஜரின் புது ஃபைல்களாகிவிடும்.

முதலில் பழைய ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள். ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் பத்திரமாக வந்து சேரும். யாரோ எப்போதோ ‘#’ போட்டு எழுதிய “இதைத் தொடாதே” மட்டும் வராது. எதற்காக எழுதினார்கள் என்று ஆலையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, விடுங்கள். புது ஃபைலைக் கையாலேயே எழுதினால், ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி 600 அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் மேனேஜர் சட்டை செய்யாது.

இன்னொன்று, தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாதீர்கள். இணைப்பு அறுந்தால் மன்னார்குடிக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.