அடுப்பும் ஆபீசும்

மனைவி வேலைக்குப் போனால் வீடு என்ன ஆகும்?

எல்லோரும் சமைக்கக் கற்றுக்கொள்வார்கள். 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தருவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88. இடைவெளியில் பாதி குறைந்தாலே மனைவி ஒரு மேற்படிப்பை முடித்துவிடுவார்.

குழந்தை பிறந்த பிறகும் லட்சியமா?

மேரி கோமுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தது 2007இல். நான்காவது உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றது 2008இல்!

வீட்டையும் வேலையையும் ஒருசேர ஜெயித்தவர்களின் ரகசியம் என்ன?

மேரி கியூரிக்கு மாமனார்! 1897இல் பிறந்த பேத்தி ஐரீனைத் தாத்தா பார்த்துக்கொண்டார். 1903இல் மருமகளுக்கு நோபல். 1935இல் பேத்திக்கும் நோபல். தனியாகச் சமாளிப்பது திறமையல்ல, சுமை.

மருமகள் ஆபீஸிலிருந்து இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறாள். என்ன சொல்லலாம்?

"வாம்மா, சாப்பிடு."

ஆபீஸில் குழந்தைகள் காப்பகம் கேட்டால், 'சலுகை கேட்காதே' என்கிறார்களே?

சலுகை அல்ல, சட்டம். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி கட்டாயம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். தயங்காமல் கேளுங்கள்.

தனக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது சுயநலம் இல்லையா?

காலையில் பேப்பரும் காபியுமாக உட்காரும் அப்பாவை யாராவது இப்படிக் கேட்டதுண்டா? படிக்க, நடக்க, தோழியோடு பேச அம்மாவுக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.