கோட்டுப் பைக்குள் ஒரு சீனியர்

கேள்வி: கேஷுவாலிட்டி டியூட்டிக்குப் பையில் வைத்துக்கொள்ள எந்தக் கையேடு வாங்கலாம்?
– பயிற்சி மருத்துவர், தருமபுரி

பதில்: கடையிலேயே புத்தகத்துக்கு ஒரு பரீட்சை வையுங்கள். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் எவ்வளவு? பெரியவருக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. இது சட்டென்று கண்ணில் படாவிட்டால் அந்தப் புத்தகம் ஃபெயில்! ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணுக்கும் எழுத்து தெரிய வேண்டும். அடுத்து, பாம்புக்கடி. அமெரிக்கக் கையேடுகள் கச்சிதமானவை, ஆனால் அவற்றில் சீறுவது கிலுகிலுப்பைப் பாம்பு. உங்களிடம் வருபவரைக் கடித்தது கட்டுவிரியனோ கண்ணாடிவிரியனோ ஆயிற்றே! நம் நாட்டுச் சிகிச்சை நெறிமுறையை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதிப்பாண்டையும் பாருங்கள், அமெரிக்க இதயச் சங்கம் 2025-இல் உயிர்மீட்பு வழிகாட்டுதலைப் புதுப்பித்திருக்கிறது.