கூரை உயரமும் கிசுகிசுப்பும்: பழம்பெரும் சொகுசு விடுதிகளில் தம்பதியர் குரல் தாழ்வது குறித்து ஒரு முன்னாய்வு

மணமாகிப் பதினைந்து ஆண்டைத் தாண்டிய எந்தத் தம்பதியையும் நூறு வயதான ஒரு சொகுசு விடுதியின் முகப்புக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கிசுகிசுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஹாலிலிருந்து சமையலறைக்குக் கத்தியே குடும்பம் நடத்தியவர்கள் அங்கே காதோடு காதாகப் பேசுகிறார்கள். அதற்காகத் தலையைச் சாய்க்கிறார்கள். சாய்த்ததில் தோள் உரசுகிறது. எதிர் சோபாவில் இருப்பவர் ‘என்ன அந்நியோன்னியம்!’ என்று நெகிழ்ந்துபோகிறார். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பின்னால் வரும். ஏன் குரல் தாழ்கிறது என்பதே இங்கே ஆய்வுப்பொருள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: சரவிளக்கு, கடற்காற்று, ஒயின். மூன்றும் தள்ளத்தக்கவை. சரவிளக்கு கல்யாண மண்டபத்திலும் தொங்குகிறது. அங்கே யாரும் கிசுகிசுத்ததாகத் தகவல் இல்லை. கடற்காற்று மெரினாவில் இலவசம். மூன்றாவதை அருந்தியவர் குரல் உயருமே தவிரத் தாழாது. இதற்குச் சான்று காட்டினால் வாசகரை அவமதித்ததாகும்.

எனவே இக்கட்டுரையின் கருதுகோள்: காரணம், கூரை.

வெப்ப நாடுகளில் வெள்ளைக்காரர்கள் கட்டிய விடுதிகளுக்குக் கூரை உயரமாக இருந்ததற்குக் காதல் காரணமல்ல, வியர்வை. சூடான காற்று மேலே போகும்; போக இடம் வேண்டும். அதற்காகக் கூரையை உயர்த்தினார்கள், தரைக்குக் குளிர்ச்சியான கல் பதித்தார்கள், கதவு சன்னல்களைப் பெரிதாக வைத்தார்கள். அறையின் கொள்ளளவு கூடியது. சத்தத்தை உறிஞ்சும் துணியும் பஞ்சும் குறைந்தன. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கண்டறிந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி சுவர்களுக்குள் சுற்றித் திரிந்ததாம். சபைன் ராத்திரியில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்தார். அவர் கண்ட விதி எளிது: இடம் பெரிதானால் எதிரொலி நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தை தூக்கலில் பிறந்தது.

இனி மானுடவியல். எட்வர்ட் ஹால் 1966-ல் வெளியிட்ட நூலில் மனிதர்கள் தங்களுக்கிடையே விடும் தூரத்தை வகைப்படுத்தினார். 18 அங்குலத்துக்கு உட்பட்டது நெருக்கத் தூரம். அதைத் தாண்டி நாலடி வரை நண்பர்களுக்கானது. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் காற்றுதான் சொல்லாகிறது. அது எட்டவேண்டுமானால் கேட்பவர் முதல் வட்டத்துக்குள் வந்தாகவேண்டும்.

ஆக, வெயில் கூரையை உயர்த்தியது. கூரை எதிரொலியைத் தந்தது. எதிரொலி குரலைத் தாழ்த்தியது. தாழ்ந்த குரல் தலைவனையும் தலைவியையும் 18 அங்குலத்துக்குள் தள்ளியது. வீட்டில் இது நேராததற்கும் விளக்கம் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-ல் எழுதினார். அவர் மிக்ஸியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கட்டுரையை இன்னும் சுருக்கமாக முடித்திருப்பார்.

கட்டடச் சான்றுக்குப் பினாங்கு போதும். சார்க்கிஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் 1880களில் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியின் முகப்புக் குவிமாடம் எதிரொலிக்குப் பேர்போனது. எதிரொலி மாடம் என்றே அதற்குப் பெயர். அதன் கீழே நின்று ‘ஏசி அறைதானே சொன்னீங்க?’ என்று கேட்டால் கேட்டவருக்கே அந்தக் கேள்வி திரும்பி வரும்.

சென்னைச் சான்று சற்றுச் சிக்கலானது. பின்னி சாலையில் இருக்கும் கன்னிமாரா, 1854-ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய விடுதி. 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைப் பிறகு சூடிக்கொண்டது. அவருடைய மனைவி டல்ஹௌசி பிரபுவின் மகள். 1890-ல் அந்த அம்மையார் கணவரை மணவிலக்குச் செய்துவிட்டார். ஆளுநர் மாளிகையை விட்டுக் கோபித்துக்கொண்டு அவர் வந்து தங்கியது இந்த விடுதியில்தான் என்பது ஊரின் பழைய வம்பு. திருமண நாள் கொண்டாட ஜோடிகள் தேடிவரும் இடத்துக்கு முறிந்துபோன மணவாழ்க்கையின் பெயர் வாய்த்தது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டிய தரவு வேறு. அதே பிரபுவின் பெயரை எழும்பூரில் 1896-ல் திறந்த பொது நூலகமும் தாங்கி நிற்கிறது. சென்னையில் கன்னிமாரா என்ற பெயரில் இரண்டே புகழ்பெற்ற இடங்கள். இரண்டிலும் உரக்கப் பேசக் கூடாது. இதைத் தற்செயல் என்பவர்களோடு வாதிட இக்கட்டுரையாளருக்கு நேரமில்லை.

களஆய்வுக்குக் கொழும்பு கோல் ஃபேஸ் ஹோட்டல் தேர்வானது. 1864-ல் தொடங்கியது. ‘சூயஸுக்குக் கிழக்கே’ என்று தொடங்கிப் பெருமை பேசும் பழைய விடுதிகள் பல உண்டு. ஆனால் இந்த விடுதி திறந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான், 1869-ல், சூயஸ் கால்வாயே திறந்தது. முன்னால் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்டு 1859-ல் முடித்துக்கொடுத்த கடற்கரை நடைபாதை. கொழும்பு நகரத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்று பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு கல்வெட்டே வைத்துவிட்டுப் போனார்.

விடுதியின் வாசலில் நெடுங்காலம் நின்றவர் சாத்துக்குட்டன். கேரளத்திலிருந்து வந்தவர்; 1942-ல் வேலைக்குச் சேர்ந்து, 70 ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்து, 2014-ல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். வெள்ளைச் சீருடை, நரைத்த பெரிய மீசை, குவித்த கை. அகத்திணை இலக்கணத்தில் ஊடல் கொண்ட தலைவனையும் தலைவியையும் சேர்த்துவைக்கும் தோழி, பாணன் முதலியோருக்கு ‘வாயில்கள்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் அந்தப் பதவியை வகித்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கவேண்டும். அரசர்களுக்கும் அதிபர்களுக்கும் அவர் கதவு திறந்துவிட்ட வாசலில் நமக்கும் அதே கும்பிடு கிடைத்தால், வருகிறவர் அந்த நொடியே நடிக்கத் தொடங்கிவிடுகிறார். நமக்கு இதெல்லாம் பழக்கம் என்ற நடிப்பு.

இந்த இடத்தில் ஆய்வின் வசதிக்காக ஒரு கற்பனைத் தம்பதி தேவைப்படுகிறது. சென்னைக்காரர்கள். இருபதாவது திருமண நாள். ‘வாழ்க்கையில் ஒருதடவை’ என்ற பெயரில் கடல் பார்த்த அறை எடுத்திருக்கிறார்கள். சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவிய முற்றத்தில், அலைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை. விடுதியின் கொடியை பைப் இசையோடு இறக்குகிறார்கள். இருவர் தலையும் ஒன்றையொன்று நெருங்குகிறது. பதிவான உரையாடல்:

“என்னங்க, மெனுல சைபர் எத்தனைன்னு பாத்தீங்களா?”

“மெதுவாம்மா. சிலோன் ரூபா. மூணரையால வகுத்துக்கோ.”

“வகுத்துட்டுத்தான் சொல்றேன்.”

நீண்ட மௌனம். பிறகு ஓர் ஐஸ்கிரீமும் இரண்டு ஸ்பூனும் வரவழைக்கப்படுகின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு அது காதல். கணக்குப் புத்தகத்தில் அது சிக்கனம். இரண்டும் ஒரே கிண்ணத்தில் இருக்கமுடியும் என்பது இந்த ஆய்வின் எதிர்பாராத முடிவுகளில் ஒன்று.

தொல்காப்பியர் வகுத்தபடி பார்த்தாலும் இடம் பிசகவில்லை. நிலம் நெய்தல். பொழுது எற்பாடு. சென்னையில் சூரியன் கடலில் உதிக்குமே தவிர மறையாது, ஆகவே அவர்கள் காசு கொடுத்து வாங்கியது இந்தப் பொழுதைத்தான். நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல். அது மட்டும் சற்றுத் தாமதமாக, பில்லோடு வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கற்பியலில் இருபது ஆண்டைக் கழித்தவர்கள் இங்கே ஓர் இரவு களவியலுக்குத் திரும்புகிறார்கள். கல்யாணத்துக்கு முன் இருவீட்டாரிடமும் சேர்ந்து காப்பாற்றிய பொய்க்குப் பிறகு, இருவருக்கும் பொதுவான பொய் என்று ஒன்று வாய்க்கவில்லை. அவரவர் பொய் அவரவருக்கு. இப்போது பரிசாரகர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து, விலையே கண்ணில் படாதவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். அவர் போனதும் தலைகள் மீண்டும் நெருங்குகின்றன. ‘இவ இவ்வளவு நல்லா நடிப்பாளா?’ என்று கணவர் மனத்துக்குள் வியந்ததையும் தரவாகச் சேர்க்கலாம்.

முற்றத்துக்குக் கூரை இல்லையே என்று யாராவது கேட்கக்கூடும். கேட்கக்கூடாது. அறைக்குப் போகலாம்.

மின்சாரம் வருவதற்கு முன் இத்தகைய அறைகளில் பங்கா தொங்கியது. அதன் கயிறு சுவர்த் துளை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இரவெல்லாம் இழுப்பார். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கும். அன்றைய தம்பதியர் கிசுகிசுத்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். மின்விசிறி வந்து அவரை அனுப்பிவிட்டது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் விடுதி 1899-ல் எழுப்பிய பெருங்கட்டடத்தில் மின்விளக்கும் மின்விசிறியும் வைத்துப் பெருமை கொண்டது. கயிறு போனபின்னும் கிசுகிசுப்பு மட்டும் மனிதனின் வால் எலும்பு போல எஞ்சி நிற்கிறது என்று வாதிடலாம். எதிரொலிக் கோட்பாட்டுக்கு இது போட்டி என்பதால் இங்கே விரித்துரைக்கவில்லை.

உண்மையான இடி 1902-ல் விழுந்தது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரக்காற்றில் காகிதம் உப்பி, வண்ணங்கள் இடம் பிசகின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர் ஒரு பொறியை வரைந்தார். மனிதர் சுகத்துக்காக அல்ல, காகிதத்துக்காகப் பிறந்தது நவீன ஏசி. அதன்பின் உயரமான கூரை வீண்செலவாயிற்று. குளிரூட்டும் குழாயை மறைக்கப் பொய்க்கூரை இறங்கியது. தரையில் கம்பளம் ஏறியது. சபைன் கணக்குப்படி எதிரொலி செத்தது. புதிய விடுதிகளில் தம்பதியர் சாதாரணக் குரலில், நாலடி இடைவெளியில், வீட்டுக்கடன் தவணை பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

முரண்சான்றாக ராஃபிள்ஸின் லாங் பாரைச் சிலர் காட்டுவர். அங்கே இரைச்சல் அதிகம். மேசையில் மூட்டை மூட்டையாக வேர்க்கடலை, ஓட்டைத் தரையிலேயே எறியலாம். குப்பை போட்டால் அபராதம் வாங்கும் ஊரில் இப்படி ஓர் அனுமதி. ஆனால் நம் தம்பதியை அங்கே உட்காரவைத்தால் என்ன நடக்கும்? “போடலாமாங்க?” என்று அவர் கிசுகிசுப்பார். “எல்லாரும் போடறாங்களே” என்று இவர் கிசுகிசுப்பார். கடைசியில் ஓடுகள் டிஷ்யூ காகிதத்தில் மடித்து வைக்கப்படும். முரண்சான்று முறியடிக்கப்பட்டது.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எந்த ஆய்வும் நிறைவு பெறாது. அதை இயற்கையே காலிமுகத்திடலில் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. கோல் ஃபேஸின் சன்னலிலிருந்து பார்த்தால், பட்டப்பகலில் கடலைப் பார்த்தபடி வரிசையாகக் குடைகள். மழை இல்லை. ஒவ்வொரு குடைக்கும் பின்னால் ஒரு ஜோடி. அவர்களும் கிசுகிசுக்கிறார்கள். அவர்களுடைய கூரை உயரம், உட்கார்ந்த நிலையில், தலைக்கு மேல் அரையடி, எதிரொலி கிடையாது, வாடகை கிடையாது, பசித்தால் தள்ளுவண்டியில் இறால் வடை. அதே கடல், அதே அஸ்தமனம். இடைவெளி 18 அங்குலத்தைவிடக் கணிசமாகக் குறைவு.

இது கருதுகோளைக் குலைப்பதாக மேலோட்டமாகத் தோன்றலாம். குடைக்குள் குரல் தாழ்வது தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்ற அச்சத்தால். அப்படிப் பார்த்தவர்கள் ஊரில் பேசும் பேச்சைச் சங்க காலத்தில் ‘அலர்’ என்றார்கள். மேலே சன்னலோரத்தில் நிற்கும் தம்பதிக்குப் பயப்பட யாருமில்லை. அவர்கள் குடைகளைப் பார்க்கிறார்கள். “நாமும் பீச்சில இப்படித்தான் உக்காந்தோம். கைக்குட்டைதான் விரிச்சோம், ஞாபகம் இருக்கா?” என்கிறார் மனைவி. கூரைக்கும் விலைக்கும் தொடர்பில்லாத ஒரே கிசுகிசுப்பு இது. தரவுத்தொகுப்பில் பொருந்தாததால் விலக்கப்பட்டது.

மறுநாள் காலை உணவு அறை வாடகையில் சேர்ந்தது என்பதால் பத்தரை மணிவரை நீண்டது. குளியலறைச் சோப்பு இரண்டும் பெட்டிக்குள் போயின. வாசலில் கும்பிடு. விமானம். சென்னை.

அடுத்த நாள் காலை ஏழு மணி. சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. “என்னங்க, கேஸ்காரன் வந்தானா?” பதில் இல்லை. “என்னங்க!” “என்ன? கேக்கல!”

அந்த ஃபிளாட்டின் கூரை உயரம் ஒன்பதே முக்கால் அடி.