டோன் அண்ணன்

பதுளைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனாலும், இசைக்குழு மேடையில் ஐந்து பேர் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், ஒருவர் மட்டும் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார். அந்த முதுகுதான் டோன் அண்ணன். பசறைக்கு ஒருவர், ஹாலி எலைக்கு ஒருவர், மடுல்சீமைக்கு ஒருவர் என்று ஊவா முழுக்கப் பரவிக் கிடக்கும் இனம். எனக்குப் பழக்கமான அண்ணன் தன்னைக் கிட்டார்க்காரர் என்று சொல்லிக்கொள்வார். தோளில் கிட்டார் தொங்குவதும் உண்மை. ஆனால் நான் பார்த்த நேரத்திலெல்லாம் அவர் கையில் இருந்தது வயர்.

"என்னாண்ணே, ஆரம்பிக்கலாமா?"

"இருடா. டோன் போயிருச்சு."

மேய்ச்சலுக்குப் போன மாடு இருட்டியும் வரவில்லை என்பதுபோலச் சொல்வார். எங்கே போயிற்று, யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். அண்ணன் எழுந்து நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"ஆம்புக்குள்ள ரெண்டு காம்பரா இருக்கு, லயத்து வீடு மாதிரி. முன் காம்பராவுல சத்தம் கரகரன்னு ஆவுது. பின் காம்பராவுல பெருசாவுது. நடுவுல ஒரு கதவு. சென்ட் வழியா சத்தம் வெளிய போவணும், பெடலுக்குள்ள நொழைஞ்சு ஈக்கோ ஏத்திக்கிட்டு, ரிட்டர்ன் வழியா உள்ள வரணும். இதுக்குப் பேரு லூப்பு."

"ஏண்ணே, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுலயே பெடல மாட்டுனா என்னா?"

அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் வேலை செய்பவர். அதனால் உவமைக்குப் பஞ்சமில்லை. "டேய், கொழுந்து ரோலருக்குள்ள போறதுக்கு முந்தியே பாக்கெட்டுல போடுவியா? முன் காம்பராதான் ரோலர். ஈக்கோவ அதுக்கு முன்னால வச்சா ஈக்கோவும் சேர்ந்து அரைபட்டுச் சக்கையாயிரும். அரைச்சு முடிஞ்ச பொறகுதான் ஈக்கோ."

சரியான பேச்சு, குறை சொல்ல முடியாது. இந்த ஞானத்துக்காக அவர் வீட்டுத் தீபாவளி அட்வான்ஸ் மூன்று வருஷம் பெடலாக மாறியிருக்கிறது என்பதுதான் அண்ணியின் குறை. புடவை கேட்டால் "இந்த வருஷம் டிலே" என்கிறாராம். டிலே என்பது பெடலின் பெயர் என்று அண்ணிக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

லூப்பு என்றால் அண்ணனுக்கு ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையில், தெமோதரையில் ஒரு லூப் உண்டு. எல்ல பக்கமிருந்து வரும் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் விமலசுரேந்திர என்ற எஞ்சினியருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நாட்டின் நீர்மின்சாரத்துக்குத் தந்தை என்று பெயர் எடுத்தவரும் அதே விமலசுரேந்திரதான். ஆகவே கரண்டையும் லூப்பையும் ஒரே ஆள்தான் கொடுத்தார், அதுவும் நம்ம ஆள் தலைப்பாகையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பது அண்ணனின் வாதம். "ரயிலு எறங்குதே தவிர, ஒரு பொட்டியாவது கழண்டுச்சா? போன மாதிரியே வருதுல்ல? என் சத்தமும் அப்பிடி வரணும்."

ஒரு திருவிழா ராத்திரி அவர் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தப்புக்காரத் தாத்தா வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனியில் தோல் தொய்ந்துபோகும், சூடு காட்டினால் இறுகி டணார் என்று பேசும். அவருடைய பெடல் அதுதான். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அனுப்புனதெல்லாம் போன மாதிரியே திரும்பி வருமா தம்பி? அறுபத்தி நாலுல சிறிமா அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் கையெழுத்துப் போட்டாங்க. நம்ம சனத்துல அஞ்சேகால் லெச்சம் பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு கணக்கு. எங்க அண்ணன் குடும்பமே போச்சு. அதுல சென்ட்டு மட்டுந்தான்."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

அதற்கு முன்பெல்லாம் டோன் தொலைந்த காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டதை நான் கூடவே இருந்து பார்த்தவன். முதல் திருடன் கேபிள். ஆம்ப் மேடையின் பின்னால், பெடல் அண்ணனின் காலடியில். போக இருபது அடி, வர இருபது அடி. மீட்டருக்குச் சுமார் நூறு பிகோஃபாரட் என்று கேபிள் தன் பங்குக்குச் சத்தத்தின் கூர்மையைச் சாப்பிட்டுக்கொண்டே போகும். சென்ட் பலவீனமான ஆம்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம், வெங்கலம் மண்சட்டியாகிவிடும். பெடலைத் தூக்கி ஆம்பின் தலையிலேயே வைத்து, முழ நீள வயர் போட்டதும் பாதி டோன் வீடு திரும்பியது. தூரத்தில்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தால் சென்ட்டை ஒட்டி, சத்தத்துக்குத் தெம்பு கொடுக்கும் ஒரு பஃபர் வைக்க வேண்டும். அதற்கு அடுத்த தீபாவளி வரவேண்டும்.

இரண்டாவது, ஆம்பின் முதுகில் இருக்கும் குட்டி சுவிட்ச். ப்ளஸ் 4, மைனஸ் 20 என்று இரண்டு பக்கம். ப்ளஸ் 4 ஸ்டூடியோக் கருவிகளுக்கு, மைனஸ் 20 காலால் மிதிக்கும் பெடலுக்கு. கூட்டல் இருக்கும்போது கழித்தலை எவன் தொடுவான் என்று அண்ணன் இரண்டு வருஷம் ப்ளஸ்ஸிலேயே வைத்திருந்தார். பெடல் தாங்க முடியாமல் கொரகொரத்தது. பெடலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று புதுசு வாங்கினார். அதுவும் கொரகொரத்தது.

மூன்றாவது அவர் இரவல் வாங்கிவந்த ஆம்ப். அதில் லூப் பேரலல் ரகம்: மூலச் சத்தம் உள்ளேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும், பெடலிலிருந்து வருவது பக்கத்தில் வந்து சேரும். அப்படியானால் பெடலில் ஈக்கோ மட்டும் வரும்படி மிக்ஸை முழுசாகத் திருப்ப வேண்டும். பாதியில் வைத்தால் மூலச் சத்தமே இரண்டாவது தடவையும் மயிரிழை பிந்தி வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒல்லியாகிவிடும். ஒரே ஆள் இரண்டு தடவை பேர் கொடுத்த கதை.

தாத்தா அப்படிச் சொன்ன அன்றைக்கு இதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் டோன் இல்லை. அண்ணன் வெறுத்துப்போய் லூப்பையே கழற்றி வீசினார். அப்போதும் இல்லை. "ஆம்பு பெடலுக்குப் பழகிருச்சு, குடிகாரன் மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார். கீழே கூட்டம் "சுராங்கனி! சுராங்கனி!" என்று கத்திக்கொண்டிருந்தது. சிலோன் மனோகர் பாட்டுக்கு இந்த நுணுக்கம் எதுவும் தேவையில்லை என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ரேடியோ ரிப்பேர் பழகும் ஒரு பொடியன் மேடை ஏறினான். ஒரு பிளக்கை எடுத்து ரிட்டர்ன் துளையில் சொருகினான், உருவினான், சொருகினான், உருவினான். பத்துத் தடவை. லூப்பில் ஒன்றும் மாட்டாதபோது சத்தம் அந்த ஜாக்குக்குள் இருக்கும் ஒரு தகடு வழியாகத்தான் தாண்டிப் போகிறது. எங்கள் ஊர்ப் பனியில் அது களிம்பு பிடித்துக் கிடந்திருக்கிறது. பதினோராவது தடவை உருவியபோது ஆம்ப் கணீரென்று திறந்துகொண்டது, எதிர்மலை திருப்பிச் சொல்கிற அளவுக்கு.

அண்ணன் முதன்முறையாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மணி இரண்டு. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாத்தா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான்டா தம்பி சத்தம் சத்தமா இருக்கு. வாசி, கேக்குறேன்."

அண்ணன் ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"ட்ரெபிள் கொஞ்சம் கூடிருச்சு தாத்தா. இருங்க" என்று மறுபடி குனிந்தார்.